தைத்த சுவர்

கதவுதான் முதலில் காட்டிக்கொடுத்தது. தொண்ணூற்றொன்பதாம் வருஷ மழை முடிந்த கையோடு பிலோமி வீட்டு வாசல் கதவு, மூட மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தது. அவள் புருஷன் லியோனார்ட் கதவைக் கழற்றி, அடிப்பக்கத்தை இழைத்து மாட்டினார். கொஞ்ச நாள் மூடியது. மறுபடி அடம். மறுபடி இழைத்தார். இப்படியே இழைத்துக்கொண்டு போனால் கடைசியில் தாழ்ப்பாள் மட்டும்தான் மிஞ்சும் என்றாள் பிலோமி.

"மய காலத்துல மரம் ஊறும். வெய்யில் வந்தா சரியாய்டும்" என்றார் லியோனார்ட். தை பிறந்து வெயிலும் வந்தது. கதவு சரியாகவில்லை.

ஒரு நாள் காலை வாசலில் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். யாரோ கூப்பிட, திரும்பிப் பார்த்தபடியே கத்தியை வாசல் மரச்சுவரின் அடிக்கட்டையில் சும்மா குத்தி வைத்தாள். குத்திய கத்தி அங்கே நிற்கவில்லை. தயிரில் இறங்குவது போல் இறங்கிப் பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. பிலோமி பயந்துபோனாள். கத்தியை உருவி மோந்து பார்த்தாள். மழையில் நனைந்த சாக்கு நாற்றம்.

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. ராயபுரத்தில், ராயப்பர் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் அந்த ஓட்டு வீட்டுக்கு மூன்று பக்கம் செங்கல் சுவர். தெருப்பக்கச் சுவர் மட்டும் மரம். லியோனார்டின் பாட்டன் மசூலாப் படகு ஓட்டியவர். துறைமுகம் கட்டுவதற்கு முன்பு கப்பல்கள் தூரத்தில் நின்றுவிடும். அலையைத் தாண்டிப் போய் ஆளையும் மூட்டையையும் கரை சேர்த்தவை அந்தப் படகுகள். துறைமுகம் வந்தது, படகுக்கு வேலை போனது. பாட்டன் படகைப் பிரித்து அந்தப் பலகைகளாலேயே வீட்டுக்கு முன்சுவர் எழுப்பினார். மூலைக்கு மூலை நீளும் ஒற்றை அடிக்கட்டையின் மேல் அந்தச் சுவர் நிற்கிறது. சுவரின் மேல் கூரை நிற்கிறது. கட்டை போனால் எல்லாம் போச்சு.

அந்தச் சுவரில் ஒரு ஆணிகூடக் கிடையாது என்பது லியோனார்ட் வீட்டுப் பெருமை. எங்கள் பாட்டன் ஆணியைத் தொடாத மனுஷன் என்பார். சவடாலுக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று பிலோமி நினைத்துக்கொள்வாள். ஆனால் கல்யாணமாகி வந்த புதிதில் காலண்டர் மாட்ட ஆணியும் சுத்தியுமாக நின்றவளை, "சுவத்துல ஆணி அடிச்ச, கையை ஒடிச்சுடுவேன்" என்று அவர் கத்திய கத்தலில் சந்தே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து காலண்டர் கயிற்றில்தான் தொங்குகிறது. மாதா படம் வைத்த பீடப் பலகையும் இரு முனையிலும் சுவரோடு கட்டிய கயிற்றில்தான்.

"யோவ், கட்ட உளுத்துப் பூட்ச்சுய்யா. கத்தி முழுசா உள்ள பூந்துகிச்சு" என்று பிலோமி சொன்னபோது லியோனார்ட் சிரித்தார்.

"எங்கப்பன் காலத்துலருந்து கீலு தின்ன கட்ட அது. நீ ஏதோ இடுக்குல குத்திக்கீற."

கீல் என்பது படகுக்குப் பூசும் கருப்புத் தார். வருஷா வருஷம் ராயப்பர் திருநாளுக்கு முதல் நாள் லியோனார்ட் கீலைக் காய்ச்சி, சுவரின் வெளிப்பக்கம் முழுக்கப் பூசுவார். அடிக்கட்டைக்கு இன்னும் விசேஷம். உள்ளே, வெளியே, மேலே, கை நுழைகிற மட்டும் அடியிலும், ஒரு மயிர்க்கால் இடைவெளி இல்லாமல் பூசுவார். துறைமுகத்தில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு கப்பலுக்குப் பெயின்ட் அடித்த ஆள். ரிட்டயர் ஆன பிறகும் பிரஷ் அவர் இடுப்பில்தான் இருக்கும். காசிமேட்டில் யார் படகுக்காவது பெயர் எழுதுவார், கோயில் தேருக்கு வர்ணம் அடிப்பார், ஒன்றும் கிடைக்காவிட்டால் எதிர்வீட்டு ஐஸ் பெட்டிக்குப் பூ வரைவார். பிரஷ் இல்லாத லியோனார்டை அந்தச் சந்து பார்த்ததே இல்லை.

சிரித்தவர் எழுந்து போய்க் கீல் டின்னை எடுத்து வந்தார். கத்தி போன ஓட்டையில் அப்பி மூடினார். "பார்த்துக்கினியா? தீர்ந்துது."

பிலோமிக்கு வந்ததே கோபம். "ஓட்டைய மூடுனா உளுத்தது நல்லாயிடுமா? எண்ணூர்ல மெர்லினு முழுகாம கீறா. மொதப் பிரசவத்துக்கு வயித்தத் தூக்கிக்கினு இங்கதான் வந்து படுக்கப் போறா. கூரை எறங்குச்சுன்னா கீலு டின்னோட போய் நிப்பியா?"

மகள் பெயர் வந்ததும் லியோனார்டின் முகம் மாறியது. ஆனால் ரோஷம் குறையவில்லை. "சரி, தொறந்து பாரு! ராயப்பர் மேல சத்தியமா சொல்றேன். கட்ட மட்டும் உளுத்துக் கெடந்துச்சு, அப்பால இந்தக் கையால பிரஷ்ஷத் தொட மாட்டேன்."

சொல்லிவிட்டார். வேறு ஆளாக இருந்தால் பிலோமி கவலைப்பட்டிருக்க மாட்டாள். இந்த மனுஷன் மெர்லின் பிறந்த அன்று இதே ராயப்பர் மேல் சத்தியம் செய்து சாராயத்தை விட்டவர். இன்றுவரை ஒரு சொட்டு இறங்கவில்லை. இந்தச் சத்தியத்தோடு பிலோமிக்கு இரண்டு கவலை ஆயிற்று. பிள்ளைத்தாய்ச்சி வருவதற்குள் வீடு நிற்க வேண்டும். வீட்டை நிறுத்துகிற சாக்கில் மனுஷன் உடைந்துவிடக் கூடாது. கட்டை உளுத்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். உளுத்திருக்கக் கூடாதே என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாள்.

வழி சொன்னவன் டில்லிபாபு. எம்.கே.பி. நகர்க்காரன், லியோனார்டின் கேரம் கூட்டாளி. பெரம்பூர் ரயில்பெட்டிப் பட்டறையில் பெட்டிகளைத் தூக்கும் கோஷ்டியில் வேலை. சுவரைத் தட்டிப் பார்த்தான், குனிந்து பார்த்தான், கை தட்டித் தூசி உதறினான்.

"இதுக்கா பேஜாராயிக்கினு கீற அக்கா? பட்டறைல பெட்டிய மேல தூக்குவோம். பழைய சக்கரத்த உருட்டிக்கினு பூடுவோம். வேற சக்கரத்த உள்ள தள்ளிப் பெட்டிய எறக்கிடுவோம். வூட்டுக்குக் கட்டதான் சக்கரம். தூக்கிட்டா முடிஞ்சுது."

"வூட்டத் தூக்குறதா?" பிலோமிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

"சுவத்தையும் கூரையையும்தான். கையளவு போதும்."

மூலக்கொத்தளத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்த கலீலுல்லா பாய் ஜாக்கிகள் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டார். யானைக்கவுனியில் ஒரு பழைய கிடங்கை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு தேக்கு உத்தரம் மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. இறக்குவதற்குள் சந்தில் இருந்த ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் மூச்சு வாங்கியது. லியோனார்ட் அதைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பது போல் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த நாளும் வந்தது. காலைப் பூசை முடிந்து வந்தவர்கள் அப்படியே சந்தில் நின்றுவிட்டார்கள். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் எதிர்வீட்டில். சுவரில் இடையிடையே நிற்கும் மரக்கால்களோடு சேர்த்து உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரும்புச் சட்டங்களை வைத்துக் கலீலுல்லா பாய் போல்ட் போட்டு இறுக்கினார். சட்டங்களுக்கு அடியில், கட்டைகளை அடுக்கி, ஜாக்கிகள். ஒவ்வொரு ஜாக்கிக்கும் ஒரு ஆள். வடக்கு மூலை ஜாக்கியை லியோனார்ட் தானாகப் போய்ப் பிடித்துக்கொண்டார்.

"எல்லா ஜாக்கியும் ஒண்ணா ஏறணும். ஒண்ணு முந்துனா சுவரு முறுக்கிக்கும். வெளியிலருந்து பார்த்தா தெரியாது. உள்ள ஒரு ஆளு டம்ளர்ல தண்ணி வெச்சுக்கினு மட்டம் பார்க்கணும்" என்றான் டில்லிபாபு. கூட்டம் கூரையை அண்ணாந்து பார்த்தது.

"நான் பார்க்கறேன்" என்றாள் பிலோமி. "டம்ளர் எதுக்கு? பீடத்துல வெளக்கு கீது."

மாதா படத்துக்கு முன்னால் எரிவது கண்ணாடி டம்ளர் விளக்கு. பாதி தண்ணீர், மேலே எண்ணெய், எண்ணெயில் மிதக்கும் திரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் அவள் ஏற்றுகிற விளக்கு. அதில் எண்ணெய் எப்போதும் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கித்தான் நிற்கும். டம்ளர் கோணல் என்று இரண்டு மூன்று டம்ளர் மாற்றியும் பார்த்திருக்கிறாள். சுவர் கோணல் என்று இப்போதுதான் புரிந்தது.

"நீ வேணாம், நான் போறேன்" என்றார் லியோனார்ட்.

"நீ ஜாக்கியப் புடி. உனுக்கு எண்ணெ ஊத்தவே தெரியாது" என்று சொல்லி உள்ளே போனாள்.

"கால் சுத்து!" வெளியே டில்லிபாபுவின் குரல். எல்லா ஜாக்கியும் ஒரே நேரத்தில் கால்வட்டம் திரும்பிக் கிறீச்சிட்டன. வீடு ஒரு முனகு முனகியது. கூரையிலிருந்து மண் கொட்டியது. "அக்கா?"

"வடக்கால இன்னும் தாழ!"

"வடக்கு மட்டும் கால் சுத்து!... எல்லாரும் கால் சுத்து!... அக்கா?"

எண்ணெய்க் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்வதைப் பிலோமி கண்கொட்டாமல் பார்த்தாள். அப்போது பாதத்தில் ஏதோ பட்டது. குனிந்தாள். வெயில். சுவருக்கும் அடிக்கட்டைக்கும் நடுவில் விரல் நுழைகிற அளவு இடைவெளி விழுந்து, மூலைக்கு மூலை நீளமாகக் காலை வெயில் தரையில் கோடு போட்டிருந்தது. பாட்டன் காலத்திலிருந்து வெயில் படாத தரை அது. இடைவெளி வழியே சந்தில் நிற்பவர்களின் பாதங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு கோழி தலையைச் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்தது. கூரை, சுவர், மாதா, விளக்கு, அத்தனையும் தரையை விட்டு அந்தரத்தில் நிற்கின்றன. பிலோமிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "மாதாவே" என்றாள்.

அந்த நேரம் பார்த்து வடக்கு மூலையில் அடுக்கிய கட்டை மணலில் புதைந்தது. ஜாக்கி சரிந்தது. சுவரின் அந்த மூலை சடாரென்று கீழே இறங்கியது. சந்து முழுக்க ஒரே அலறல்.

"பிலோமி! வெளிய வாடி!" லியோனார்டின் குரல் கிழிந்தது.

பிலோமி நகரவில்லை. பயத்தில் உறைந்துபோனாள் என்று பிற்பாடு சந்தில் பேசிக்கொண்டார்கள். அது உண்மையில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவர் வளைந்தது. உடைய வேண்டிய சுவர், பிளந்து விழ வேண்டிய பலகைகள், சேர்ந்து ஒரு பக்கமாக வளைந்து, உள்ளே புடைத்து, மெதுவாகத் திரும்பி நிமிர்ந்தன. பல வருஷத்து நீலப் பெயின்ட் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து அவள் தலையில் கொட்டியது. பெயின்ட் போன இடத்தில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே தையல் தெரிந்தது. கயிற்றுத் தையல். தென்னை நார்க் கயிறு, கீலில் ஊறிக் கருத்து, குறுக்கும் நெடுக்குமாக, ஒரு தையல்கூட விட்டுப்போகாமல், தரையிலிருந்து கூரை வரைக்கும். பலகை இழுக்க இழுக்கக் கயிறு விண்ணென்று இறுகியது. அலையில் மோதினால் உடையாமல் வளைந்துகொடுக்க வேண்டும் என்று ஆணியே இல்லாமல் தைத்த படகு. அதைத்தான் பாட்டன் அப்படியே சுவராகத் தைத்து நிறுத்தியிருக்கிறார். இத்தனை வருஷம் முதுகு சாய்த்து உட்கார்ந்த சுவர், மெர்லினை மடியில் போட்டுப் பால் கொடுத்த சுவர். அதை இன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்க்கிறாள். சவடால் என்று நினைத்தாளே, அதற்காக அங்கேயே மனசுக்குள் பாட்டனிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"அக்கா! இன்னா ஆச்சு? பேசு!"

"ஒண்ணும் ஆவல" என்று சத்தமாகச் சொன்னாள். அவள் குரல் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "சுவரு புடிச்சுக்கினு கீது. நீங்க ஏத்துங்க."

மூலையில் பலகைகளைப் பரப்பி, ஜாக்கியை மறுபடி நிறுத்தினார்கள். கால் சுத்து, கால் சுத்து. எண்ணெய்க் கோடு ஏறியது. டம்ளர் விளிம்போடு விளிம்பாக, சுற்றிலும் ஒரே அளவாக, மட்டமாக வந்து நின்றது. திரியின் சுடர் ஆடாமல் எரிந்தது. "போதும்!" என்று கத்தியபோது பிலோமி அழுதுகொண்டிருந்தாள்.

அடுத்தது பழைய கட்டை. புதுக் கட்டையின் கனம் ஞாபகம் இருந்ததால் எட்டுப் பேர் சேர்ந்து கயிற்றைப் பிடித்து மூச்சைக் கட்டி இழுத்தார்கள். கட்டை வந்த வேகத்தில் எட்டுப் பேரும் ஒருவர் மேல் ஒருவர் மல்லாக்க விழுந்தார்கள். அதில் கனமே இல்லை. விழுந்த அதிர்ச்சியில் கட்டை நடுவில் உடைய, உள்ளேயிருந்து பழுப்பாக ஈரப் பொடி கொட்டியது. மரம் என்று இரண்டு முனைகளில் முழங்கையளவு மிச்சம் இருந்தது, அவ்வளவுதான். நடுவில் வெறும் கீல் ஓடு, கட்டைவிரல் தடிமனில், கருப்பாக, பளபளவென்று.

இந்த வெற்றுக் கூட்டின் மேலா இந்த வீடு நின்றது? அந்தக் கேள்வி எல்லார் முகத்திலும் இருந்தது.

கலீலுல்லா பாய் நல்ல மனுஷர், ஆனால் மனசில் பட்டதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். "அண்ணாத்தே, மண்ணுலருந்து ஈரம் மேல ஏறும். வெளிய போவ வயியே இல்லாம நாலு பக்கமும் பூசி அடச்சுட்டீங்க. நனைஞ்ச சட்டையப் பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டுனா இன்னா ஆவும்? படகுன்னா கரையேத்திக் காய வெப்பீங்க. இத எங்க காய வெச்சீங்க?"

லியோனார்ட் குனிந்து அந்தக் கூட்டுக்குள் கையை விட்டார். தோள்வரை போயிற்று. ஒரு பிடிப் பொடியை எடுத்துப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த பிரஷ்ஷை உருவினார். நேரே உள்ளே வந்து, பிலோமியைத் தாண்டிப் போய், மாதா படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தார். சத்தியம் சத்தியம்தான். கத்தியை அந்தக் கட்டையில் குத்தாமலே இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். மெர்லின் வயிற்றை நினைத்ததும் அந்த நினைப்பைத் தள்ளினாள்.

"ஒண்ணு கேக்கறேன் பாய்" என்றாள். "கட்டைலதான் ஒண்ணுமே இல்லியே. அப்போ இத்தினி நாளு வூட்ட எது தாங்குச்சு?"

டில்லிபாபு உள்ளே வந்து தையலைப் பார்த்தான். ஒரு கயிற்றை விரலால் சுண்டினான். மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, அவனை அறியாமல் கால் செருப்பைக் கழற்றிவிட்டான்.

"சுவருதான்க்கா. ரெண்டு முனையில குந்திக்கினு, தன்னத் தானே தாங்கிக்கினு தொங்கிட்டிருந்துருக்குது. இப்பிடி ஒண்ண நான் பார்த்ததில்ல."

புதுக் கட்டை உள்ளே போயிற்று. அதன் அடியில் கருங்கல் சில்லு பரப்பி, தண்ணீர் ஓடக் கால்வாய் விட்டார்கள். இதன்மேல் கீல் படவே கூடாது, காற்று படட்டும் என்று டில்லிபாபு சொன்னபோது லியோனார்ட் தலையை மட்டும் ஆட்டினார். சாயங்காலம் கதவு ஒற்றை விரலில் மூடியது.

மெர்லின் வந்தாள். பேத்தி பிறந்தாள். தையல் தெரியும் அந்தச் சுவரோரமாகத்தான் தூளி கட்டினார்கள். ஊரில் இருப்பவர்கள் குழந்தை பார்க்க வந்துவிட்டுச் சுவரையும் பார்த்துவிட்டுப் போனார்கள். லியோனார்ட் யாரிடமும் பாட்டன் கதை சொல்லவில்லை. காசிமேட்டுக்குப் போகவில்லை. எதிர்வீட்டு ஐஸ் பெட்டியில் பூ வெளுத்தது. கேரம் ஆடும்போது வலது கை விரல்கள் தானாகவே மேலும் கீழும் அசைவதைப் பார்த்ததாக டில்லிபாபு வந்து சொன்னான். வீடு நின்றுவிட்டது, இந்த மனுஷன் விழுந்துகொண்டிருக்கிறாரே என்று பிலோமி தவித்தாள்.

கத்திரி வெயிலில் சுவரின் வெளிப்பக்கம் காய்ந்தது. ஒரு நாள் துணி உலர்த்தும்போது பிலோமி பார்த்தாள். ஜாக்கி சரிந்த மூலையில் கீல் வெடித்து, கயிற்றின் நார் ஒன்று பிரிந்து நின்றது. அவள் அதையே ரொம்ப நேரம் பார்த்தாள். கீல் இல்லாவிட்டால் இந்தக் கயிறு என்றைக்கோ மக்கியிருக்கும். கயிறு மக்கியிருந்தால் சுவர் இல்லை. கட்டையைக் கொன்றதும் இவர் பூசிய கீல்தான். கட்டை செத்த பிறகு வீட்டைப் பிடித்து நிறுத்தியதும் அதே கீல்தான். இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

திருநாளுக்கு முதல் நாள் சந்து முழுக்கத் தோரணம். பிலோமி கீலைக் காய்ச்சினாள். பீடத்திலிருந்து பிரஷ்ஷை எடுத்தாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த லியோனார்டைத் திரும்பியும் பாராமல் சுவரில் பூச ஆரம்பித்தாள்.

"இன்னாடி பண்ற?"

"பார்த்தா தெரியல? பாட்டன் தையலு பிரியுது. நீதான் சத்தியம் பண்ணிட்ட. நான் பண்ணலியே."

பிலோமிக்குப் பூசத் தெரியாது. கீல் புடவையில் வழிந்தது, தரையில் சொட்டியது. லியோனார்ட் நாற்காலியில் நெளிந்தார்.

"கீயருந்து மேல போ... கயித்தோட போ, குறுக்கால போவாத... அய்ய, இவ்ளோ கீலா முக்குவாங்க? தையலுக்கு உள்ள எறங்கணும்டி, மேல நின்னா பிரயோஜனம் இல்ல. இப்டி இல்ல... இப்டி இல்லன்றேன்ல..."

"வாயாலியே பூசிடுவியா? இன்னா பண்ணணும்னு வந்து காட்டு!"

நாற்காலி கிறீச்சிட்டது. பின்னால் வந்து நின்றார். உள்ளே தூளியில் பேத்தி சிணுங்கி அடங்கினாள். கோயில் மணி அடித்தது. சத்தியம் செய்த கை காற்றில் நீண்டு, பிரஷ் அருகே வந்து, தயங்கி நின்றது. பிலோமி பூசுவதை நிறுத்திக் காத்திருந்தாள்.

பிரஷ்ஷைத் தொட மாட்டேன் என்றுதான் ராயப்பரிடம் சொல்லியிருந்தார். லியோனார்ட் பிலோமியின் கையைப் பிடித்தார். பிடித்து, கீழிருந்து மேலாக, கயிற்றோடு கயிறாக, கூரை வரைக்கும் கொண்டுபோனார்.